வீட்டில் எத்தனை பேர்?

மார்ச் 4

தம்பிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். நலமில்லாதவன் இவ்வளவு காரியத்தை இத்தனை வேகமாகச் செய்திருக்க முடியாது.

நம் டிரைவர் வண்டியை உன்னிடம் சர்வீஸுக்கு விட்டு எடுத்துக்கொண்டு நேற்றுத் திரும்பினார். வந்ததும் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறவர், நேற்று அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "நம்ம ஷோரூமுக்குத்தான் போனேனான்னு எனக்கே சந்தேகமாயிடுச்சும்மா" என்றார்.

முன்பக்கக் கண்ணாடிக்குள், உன் அண்ணன் காலத்திலிருந்து பெரிய வண்டி நின்ற இடத்தில், இப்போது மூன்று சின்ன வண்டிகள் சோப்புக் கட்டிகள் மாதிரி அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றனவாம். பெரிய வண்டிகள் பின்முற்றத்தில், ஜெனரேட்டர் பக்கத்தில், கிழிந்த தார்ப்பாயின் கீழ். செத்தவர்களைக்கூட இன்னும் கொஞ்சம் மரியாதையாகப் போர்த்துவார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவர் காத்திருந்த நேரத்தில் ஓர் ஆள் தனியாக வந்தானாம். லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று கேட்டானாம். பில் போட்டாகிவிட்டதாம். வீட்டில் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. வண்டியில் போகப்போகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திப் பார்த்த பிறகுதான் பில் என்பது கடை திறந்த நாளிலிருந்து இருக்கும் விதி. டிரைவர் உன் விற்பனையாளரைக் கேட்டதற்கு, "அதெல்லாம் இப்ப கேக்கக் கூடாதுன்னு ஐயா சொல்லிட்டாரு" என்று பதில் வந்திருக்கிறது. எந்த ஐயா என்று நான் கேட்கத் தேவையில்லை.

வண்டிக் கம்பெனியின் புதிய ஒப்பந்தத்தாளை எனக்கு அனுப்பியிருக்கிறாய், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஓர் அம்புக்குறி ஒட்டி. எங்கே போடுவது என்று எனக்குத் தெரியும். எதற்குப் போடுவது என்பதைத்தான் நீ சொல்லவில்லை. கடையில் பாதி என் பெயரில் இருக்கிறது. தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அங்கேயே இருக்கும்.

தொலைபேசியில் கூப்பிடாதே. நீ குறுக்கே பேசுவாய். எழுது.

அண்ணி

*

மார்ச் 9

அண்ணிக்கு வணக்கம்.

கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்துவிட்டேன். முடித்த பிறகுதான் உட்கார வேண்டும் என்று தோன்றியது. அம்புக்குறி ஒட்டியது நம் கணக்கர். திட்டிவிட்டேன். சொல்லாமல் மாற்றியது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். மாற்றியது தப்பு என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் இங்கே வந்து ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். பெட்ரோல் விலை அடுத்தடுத்து ஏறிய பிறகு, வருகிறவர்களின் நடையே மாறிவிட்டது. முன்பெல்லாம் வண்டியைச் சுற்றி வருவார்கள், இருக்கையைத் தடவிப் பார்ப்பார்கள், பாட்டுப் போடச் சொல்வார்கள். இப்போது உள்ளே வருவதற்கு முன்பே மைலேஜ். பெரிய வண்டிப் பக்கம் தலையைத் திருப்பவே மாட்டேன் என்கிறார்கள், பார்த்தாலே பெட்ரோல் செலவாகிவிடும் என்பது போல. பின்முற்றத்தில் நிற்பவற்றில் பாதி புதியவை அல்ல அண்ணி. நாமே விற்று, எக்ஸ்சேஞ்சுக்குத் திரும்பி வந்தவை. நம் பழைய வாடிக்கையாளர் பல் டாக்டர் தன் வண்டியின் மேல் தட்டிக்கொடுத்து, "தீனி கட்டுப்படியாகலப்பா" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனார். மாட்டை விற்றவர் மாதிரி இருந்தது முகம்.

அந்த விதியைப் பற்றி. ஏழு பேர் வண்டியில் குடும்பத்தை ஏற்றிப் பார்த்தால் எல்லாருக்கும் சிரிப்பு. சின்ன வண்டியில் ஏற்றிப் பார்த்தால் அழுகை. விதியை எடுப்பதற்கு முன், போன மாதத் தொடக்கத்தில் ஒரு தையற்காரர் தன் மனைவி, வளர்ந்த மகன்கள் இருவர், வயதான அப்பாவுடன் வந்தார். அப்பாவைத் தவிர நால்வரும் ஏறி உட்கார்ந்தார்கள். மகன்கள் இருவருமே ஆஜானுபாகு. பெரியவர் கதவின்மேல் கையை வைத்துக்கொண்டு வெளியே நின்றார். "நீங்க நல்லா உக்காருங்கப்பா, நான் எங்க போகப்போறேன்" என்றார். பேரன்கள் தரையைப் பார்த்தார்கள். மருமகள் கண்ணைத் துடைத்தாள். வண்டி வாங்காமலே போனார்கள். மறுநாள் அதே அளவு வண்டியை எதிர்க்கடையில் வாங்கிவிட்டார்கள். அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. அவர் வீட்டில் விடப்படத்தான் போகிறார். அதை என் கடையில் வைத்து ஏன் நடத்த வேண்டும்?

ஏப்ரல் பதினைந்துக்குள் அந்தத் தாள் போகாவிட்டால் சின்ன வண்டிகளை விற்க இப்போது தற்காலிகமாக நமக்குத் தந்திருக்கும் உரிமையைக் கம்பெனி எதிர்க்கடைக்குக் கொடுத்துவிடும். தார்ப்பாயின் கீழ் இருப்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு நம்மால் மழைக்காலம்வரைகூடத் தாங்க முடியாது. மெக்கானிக்குகள், விற்பனையாளர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. கோபித்துக்கொள்வீர்கள், தெரியும். ஏழு பேர் வண்டியில் நீங்கள் ஒருவர், டிரைவர் ஒருவர். மீதி ஐந்து இருக்கையில் யாரை ஏற்றிப் பார்த்தீர்கள்?

உங்கள் தம்பி

*

மார்ச் 14

தம்பிக்கு,

கோபித்துக்கொள்வேன் என்று தெரிந்தே எழுதியிருக்கிறாய். ஏமாற்றமாட்டேன்.

முதலில் அந்த ஐந்து இருக்கைகள். நீ, உன் மனைவி, உன் பிள்ளைகள் மூன்று பேர். கூட்டிப் பார். எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது. ஆட்கள்தான் வரவில்லை. உன் அண்ணன் போன பிறகு நீ இந்த வீட்டுக்கு வந்தது ஒரே முறை, அதுவும் கடைச் சாவிகளை வாங்கிக்கொண்டு போக. காப்பியைக்கூட நின்றபடி குடித்தாய்.

அடுத்து, அந்த விதி. அது உன் அண்ணனுடைய பெருந்தன்மை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஊரும் அப்படித்தான் பேசியது. நானும் பேச விட்டுவிட்டேன். அது என்னுடைய விதி.

நான் இந்தக் குடும்பத்துக்கு வந்த புதிதில் உன் அப்பாவிடம் ஒரு கார் இருந்தது. குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் உன் அண்ணன் ஓட்டுவார். முன்னால் மாமா. பின்னால் அத்தை, உன் அக்காக்கள் இருவர், ஜன்னலோரம் நீ. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசல்வரை வந்து நிற்பேன். அத்தை கண்ணாடியை இறக்கி, "நீ பஸ்ல வந்துடும்மா. படிச்ச பொண்ணு, போர்டு படிக்கத் தெரியும்" என்பார். கான்வென்டில் சிஸ்டர்கள் அத்தனை பாடுபட்டு எனக்குக் கற்றுக்கொடுத்தது பஸ் போர்டு படிக்கத்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. உன் அண்ணன் ஒருமுறைகூட வாயைத் திறக்கவில்லை. நல்ல மனிதர்தான். நல்லவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டால் நேராகத்தான் பார்ப்பார்கள்.

கடை திறந்தபோது என் நகைகள் அதில் இருந்தன. என்ன வேண்டும் உனக்கு என்று கேட்டார். இதைக் கேட்டேன். வண்டியில் யார் போகப்போகிறார்கள் என்று எல்லார் முன்னிலையிலும் கேட்க வேண்டும், கேட்ட பிறகு அவர்களை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று. கடையில் நான் கேட்டது அது ஒன்றுதான். அதை நீ ஒரு வாய்வார்த்தையில் எடுத்துவிட்டாய், எனக்கு ஒரு வரி எழுதாமல்.

தாள் இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது.

அண்ணி

*

மார்ச் 21

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத முடியவில்லை. நாலு தரம் தொடங்கிக் கிழித்துவிட்டேன். அதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. அதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்.

சனிக்கிழமை, கூட்டம் இருக்கும் நேரம். ஓர் அம்மாள் வந்தார். கனத்த உடம்பு, கைத்தடி, தோளில் பெரிய பை. யாரையும் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடிக்குள் நிற்கும் சின்ன வண்டியின் முன்கதவைத் திறந்தார். இருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளினார். உட்கார்ந்து, வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். கதவைச் சாத்தினார். நம் பையன் ஒருவன் குனிந்து, என்ன கலர் பார்க்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறான். "கலர் பாக்கல. என் மகன் வர்ற வரைக்கும் இறங்க மாட்டேன்" என்றாராம்.

போன மாதக் கடைசியில் அதே வண்டியை வாங்கிப் போனவர் அவருடைய மகன். தனியாகத்தான் வந்தார், நாமும் கேட்கவில்லை. வீட்டில் அவர், மனைவி, கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருவர், இந்த அம்மாள். அம்மாளுக்கு அறுவைக்குப் பிறகு வலது முட்டி மடங்காது. பின் இருக்கையில் காலை வைக்க வழியில்லை. முன்னால் உட்காரலாம் என்றால், பின்னால் உட்கார்ந்தால் மருமகளுக்கு வாந்தி வரும். அதனால் ஒவ்வொரு முறையும் அம்மாள் வீட்டில். பழைய பெரிய வண்டியில் அவருக்கென்று நடு வரிசை இருந்தது. அந்த வண்டி இப்போது நம் தார்ப்பாயின் கீழ்.

நான் போய்ப் பேசினேன். பெட்ரோல் விலையைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, நான் ரயில்வேல ரிசர்வேஷன் கவுண்டர்ல இருந்து ரிட்டையர் ஆனவ. இடம் இல்லைன்னு சொல்றதுதான் என் உத்தியோகமே. சொல்றவங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். என் மகன் மூஞ்சியப் பாத்தேன். வருத்தமே இல்ல. நிம்மதி."

மகன் வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். கண்ணாடிக்கு வெளியே தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த மனிதரும் பாவம்தான் அண்ணி. பழைய வண்டிக்குப் பெட்ரோல் போட்டே சம்பளம் கரைந்தது, நான் வேறென்ன செய்வேன் என்று எல்லார் முன்னாலும் கேட்டார். "உன்னை விட்டுட்டுப் போகணும்னா வாங்கினேன்?" என்றார்.

"விட்டுட்டுப் போகணும்னு வாங்கல. கூட்டிட்டுப் போகணும்னும் வாங்கல" என்றார் அம்மாள்.

பிறகு என் பக்கம் திரும்பினார். இதைத்தான் உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது. "உங்க கடையில வீட்ல இருக்கறவங்க எல்லாரையும் ஏத்திப் பாத்துட்டுத்தான் விப்பாங்கன்னு சொன்னாங்க. எதிர்க்கடைக்குப் போறேன்னவன நான்தான் இங்க அனுப்பினேன். கூப்பிடுவீங்கன்னு புடவைகூட மாத்திட்டு உக்காந்திருந்தேன். ஏன் யாரும் கூப்பிடல?"

கடைசியில் இறங்கினார், எங்கள் சமாதானத்தினால் அல்ல, பாத்ரூம் எங்கே என்று கேட்டு. போகும்போது, அடுத்த சனிக்கிழமையும் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மகனால் பெரிய வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. வாங்கினாலும் ஓட்ட முடியாது. நான் என்ன செய்யட்டும்?

உங்கள் தம்பி

*

மார்ச் 25

தம்பிக்கு,

அந்த அம்மாளை எனக்குப் பிடித்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமை வந்தால் குடிக்க ஏதாவது கொடு, உட்கார்ந்து குடிக்கும்படி.

என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். என்னிடம் நீ எதையாவது கேட்டு ரொம்ப நாளாயிற்று. சொல்கிறேன்.

வண்டி சின்னதாகிவிட்டதில் எனக்குக் கோபம் இல்லை. பெட்ரோல் விலையை நீ ஏற்றவில்லை. எவனும் இருக்கிற சம்பளத்தில் எதை ஓட்ட முடியுமோ அதைத்தான் வாங்குவான். ஆனால் இடம் குறையும்போதுதான் யார் யார் என்று கேட்க வேண்டும். ஏழு இருக்கை இருக்கும்போது கேட்பது வெறும் மரியாதை. இருக்கை குறைந்த நாளில் அந்தக் கேள்வியை நீ எடுத்துவிட்டாய். மழை வந்ததும் குடையை மடித்து வைத்த மாதிரி.

தையற்காரரின் அப்பா எப்படியும் வீட்டில் விடப்படத்தான் போகிறார் என்கிறாய். இருக்கலாம். ஆனால் பேரன்கள் தரையைப் பார்த்தார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நான் அந்த விதியைக் கேட்டேன். எங்கள் வீட்டில் யாரும் தரையைப் பார்க்கவில்லை. வண்டி கிளம்பிவிடும்.

ஒப்பந்தத்தாளோடு நீ அனுப்பிய விளம்பரப் புத்தகத்தை நான் தூக்கிப் போடவில்லை. முழுக்கப் படித்தேன். சின்ன வண்டிகளிலேயே உயரமாக ஒன்று இருக்கிறதே, நம் பையன்கள் 'பீரோ' என்று கேலி செய்வதாக டிரைவர் சொன்னார். அதன் இருக்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று போட்டிருக்கிறது. டேப்பை எடுத்து என் சாப்பாட்டு மேசை நாற்காலியை அளந்து பார்த்தேன். ஏறக்குறைய அதே உயரம். எனக்கும் முட்டி இருக்கிறது, தம்பி. தாழ்ந்த வண்டியில் விழ வேண்டும். இதில் உட்காரலாம். அழகாக இல்லை என்று அதைப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாய், இல்லையா? பெட்ரோலும் அதிகம் குடிக்காது என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் குடும்பம் முழுவதையும் வரச் சொல். தொலைபேசியில் அல்ல, நீயே வீட்டுக்குப் போய்க் கூப்பிடு. அந்த அம்மாளையும் வரச் சொல்லித் தனியாகக் கூப்பிடு. எல்லாரையும் ஏற்றிப் பார். சண்டை வந்தால் வரட்டும். கடைக்கு நஷ்டம் வந்தால் பாதி உன்னுடையது, பாதி என்னுடையது.

அண்ணி

*

ஏப்ரல் 2

அண்ணிக்கு,

போனேன். கதவைத் திறந்தது மருமகள். "எங்க வீட்டு விஷயத்தை ஷோரூம்ல வச்சுப் பேசணுமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஏற்கெனவே எங்கள் கடையில்தான் பேசியாகிவிட்டது என்று சொன்னேன். சிரிக்கவில்லை. ஆனால் வந்தாள்.

பீரோவைக் கழுவி முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். முதலில் அம்மாள் முன்னால் உட்கார்ந்தார், சரியாக இருந்தது. மருமகள் பின்னால் போய்க் கண்ணை மூடிக்கொண்டாள், வண்டி நகராமலே வாந்தி வந்துவிடும் போலிருந்தது. பிறகு அம்மாளைப் பின்னால் இடது பக்கம் உட்கார வைத்தோம். கால் இடித்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அப்போது அந்த மகன் ஸ்டியரிங் முன் உட்கார்ந்து தன் இருக்கையைச் சரி செய்தார். குட்டையான ஆள் அண்ணி. இருக்கை முன்னால் போய்க்கொண்டே இருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு பெட்டி வைக்கும் அளவுக்கு இடம். அம்மாள் சுற்றிவந்து அந்தப் பக்கம் ஏறினார். முதலில் உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே நீட்டினார். யார் கையையும் பிடிக்கவில்லை.

எந்த விளம்பரப் புத்தகத்திலும் இது போட்டிருக்காது. ஏற்றிப் பார்த்ததால்தான் தெரிந்தது. நீங்கள் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூத்தவன், நான் வேண்டுமானால் பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றான். "யாரும் பஸ்ல வரவேணாம். இடிச்சுக்கிட்டே போவோம்" என்றார் அம்மாள். கதவைச் சாத்தினோம். மகன் உள்கண்ணாடியை அம்மாள் முகம் தெரியும்படி திருப்பி வைத்தார்.

பழைய சின்ன வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். கணக்கர் என்னோடு பேசுவதில்லை. இறங்கும்போது அம்மாளிடம், திருப்திதானே என்று கேட்டேன். "வண்டி திருப்தி. மத்ததெல்லாம் இவங்க எப்படி ஓட்டறாங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

விதியைத் திரும்பவும் கொண்டுவந்துவிட்டேன். பையன்கள் முணுமுணுக்கிறார்கள். கேள்வி கேட்டதுமே சிலர் எதிர்க்கடைக்கு நடந்துவிடுகிறார்கள். ஒருவர், "வண்டி விக்கறீங்களா, சென்சஸ் எடுக்கறீங்களா?" என்று கேட்டார். ஆனால் கண்ணாடிக்குள் பெரிய வண்டி திரும்பி வராது அண்ணி. அதில் நான் பொய் சொல்ல முடியாது. சின்ன வண்டிக்காகத்தான் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறேன். இன்னும் நாள் அதிகமில்லை.

உங்கள் பஸ் பயணங்களைப் பற்றி யோசித்தேன். எத்தனை முயன்றும் நினைவில்லை. ஜன்னலோரக் காற்று நினைவிருக்கிறது, அக்காக்கள் வழியில் வாங்கித் தந்த பலூன் நினைவிருக்கிறது. நீங்கள் எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. போய்ச் சேரும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் தம்பி

*

ஏப்ரல் 6

தம்பிக்கு,

உன் கடிதத்தில் எழுத்துப் பிழை இல்லை. அக்கறையோடு எழுதியிருக்கிறாய். பலூன் வாங்கிக் கொடுத்தது நான், உன் அக்காக்கள் அல்ல. பஸ் நிறுத்தத்தில் விற்பார்கள். அதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்.

ஒப்பந்தத்தாளைத் தபாலில் அனுப்பப் போவதில்லை. நானே கொண்டுவருகிறேன், வருகிற சனிக்கிழமை. கண்ணாடிக்குள் சின்ன வண்டிகளே இருக்கட்டும். காலத்தோடு சண்டை போட எனக்கு நேரமில்லை. அவற்றுக்குப் பக்கத்தில், வாசல் தெரியும்படி ஒரு நாற்காலி போடு. கைவைத்த நாற்காலி. குஷன் வேண்டாம்.

உன் பையன்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்று பயப்படுகிறார்கள். இனிமேல் சனிக்கிழமைகளில் அதை நான் கேட்கிறேன். வீட்டில் எத்தனை பேர், யார் யார், யாருக்கு முட்டி மடங்காது, யாருக்குப் பின்னால் உட்கார்ந்தால் தலைசுற்றும். ஒரு கிழவி கேட்டால் யாரும் முகத்துக்கு நேரே கோபித்துக்கொள்ள முடியாது. இந்த வயதில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை அது. அதை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்? கணக்கரிடம் சொல், நான் வருகிறேன் என்று. அவர் முகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு ஒரு வண்டிகூட விற்காமல் போகலாம். போனாலும் சாயங்காலம் கையெழுத்துப் போடுவேன், எல்லாப் பக்கத்தையும் படித்த பிறகு. உன்னை மன்னித்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம் செய்துகொள்ளாதே. அது தனி விஷயம், மெதுவாகப் பார்க்கலாம்.

அண்ணன் இருந்தபோது எப்போதாவது கடைக்கு வந்தால், எல்லாரும் எழுந்து நின்று, ஒரு கூல்டிரிங்க் கொடுத்து, மத்தியானத்துக்குள் என்னைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள். இந்த முறை அதற்கு ஏற்பாடு செய்யாதே. கடை மூடும்வரை இருப்பேன்.

அண்ணி